ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு

முதலில் வாங்கியது மாமியா ஆர்பி67. வாங்கும்போது என் மனசில் இருந்தது நெகட்டிவின் அளவு மட்டும்தான்: 6க்கு 7 சென்டிமீட்டர். எங்கள் ஊர் செந்துறையைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் முந்திரிக் காடுகளையும் பத்து வருஷம் விடாமல் படமெடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். பெரிய வேலைக்குப் பெரிய கேமராதான் லாயக்கு என்ற நினைப்பு.

லென்ஸும் ஃபிலிம் பேக்கும் மாட்டினால் அது இரண்டரை கிலோவைத் தாண்டும். அதைத் தாங்குகிற டிரைபாட் தனி. முதல் மாதம் நாலு தடவை கிளம்பினேன். மூணாவது மாதம் ஒரு தடவை. ஐந்தாவது மாதம் பீரோவையே திறக்கவில்லை. கேமரா மேல் ஒரு குற்றமும் கிடையாது. ஸ்டூடியோவில் நின்று வேலை பார்க்கத் தோதானதைச் சித்திரை வெயிலில் சுமந்துகொண்டு பள்ளத்துக்குள் இறங்கியது என் கிறுக்குத்தனம். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இப்போதெல்லாம் லென்ஸைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. ஆறாவது வருஷம், மனசு ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதைத் தூக்கிக்கொண்டு வெளியே போவீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

அடுத்து என்ன வாங்குவதென்று தெரியாமல் இருந்தபோது வழி காட்டியது அப்பாவின் டிரங்குப் பெட்டி. அவர் வைத்திருந்தது ஆக்ஃபா கிளிக் 3. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இருந்த கேமரா. 120 ஃபிலிமில் 12 சதுரப் படம் விழும். பெட்டியில் கிடந்த நெகட்டிவ் ஒன்றில் எங்கள் கம்பங்கொல்லை, ஓரத்தில் இரண்டு பனை. இன்று அந்த இடம் பள்ளம். என் படத்தை அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. 6க்கு 6 என்பது அப்படி முடிவானது. சாதா 35 எம்எம் ஃபிலிமைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு. எனக்கு அது தாராளம்.

சதுரம் என்றதும் ஹாசல்பிளாட் 500சி/எம் ஆசை வந்தது. லென்ஸை மாற்றலாம், பேக்கை மாற்றலாம். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊருக்கு அதுதான் வினை. லாரி போன பாதையில் வெள்ளைப் புழுதி அடங்கக் கால் மணி நேரம் ஆகும். அங்கே நின்று லென்ஸைக் கழற்றுவது கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதுதான். கடைசியில் எடுத்தது யாஷிகா மேட் 124ஜி. 1970இலிருந்து 1986 வரை வந்த மாடல். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், இரண்டையும் கழற்ற முடியாது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கல்யாண வீடுகளில் யாஷிகா கோலோச்சிய காலம் ஒன்று இருந்ததால் அதன் வயிற்றைத் திறந்து பார்த்த மெக்கானிக்குகள் இன்னும் மிச்சமிருக்கிறார்கள். இதை நான் பெரிதாக நினைக்கிறேன். பத்து வருஷ வேலையில் கேமரா ஒரு தடவையாவது படுக்கத்தான் செய்யும்.

பழைய கேமரா வாங்கும்போது வெளிப் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஷட்டரை ஒரு செகண்டில் வைத்துக் காதோரம் தட்டிக் கேளுங்கள். எண்ணெய் இறுகியிருந்தால் இழுத்து இழுத்து முனகும், சில நேரம் பாதியில் நின்றுவிடும். பின்கதவைத் திறந்து லென்ஸ் வழியாக டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி தெரியும். கதவோரத்து நுரைப்பட்டையை நகத்தால் தொட்டுப் பாருங்கள். பிசினாக ஒட்டினால் வெளிச்சம் கசியும். நான் தொட்டுப் பார்க்கவில்லை. முதல் இரண்டு ரோலிலும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு. பிறகு கறுப்பு வெல்வெட் துணியை நறுக்கி ஒட்டினேன். இந்த மாடலின் மீட்டருக்கான பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, அதனால் மீட்டர் வேலை செய்கிறதா என்று கவலைப்பட வேண்டாம்.

வேலை செய்கிற மீட்டர் இருந்தாலும் எங்கள் ஊர் அதை ஏமாற்றிவிடும். வெயிலில் சுண்ணாம்புக்கல் கண்ணைக் கூசவைக்கும். மீட்டர் அதைச் சாம்பல் நிறமென்று எடுத்துக்கொண்டு குறைத்துக் காட்டும், பாறை அழுக்குப் பிடித்த மாதிரி வரும். மீட்டர் சொல்வதற்கு மேல் ஒன்றரை ஸ்டாப் திறந்தால்தான் வெள்ளை வெள்ளையாக விழும். ஃபிலிமிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 400 வேகம் போட்டால் உச்சி வெயிலில் 500இல் ஒரு பங்கு செகண்ட், எஃப்16. யாஷிகாவின் ஷட்டர் அதற்கு மேல் ஓடாது. பின்னணியை மங்கவிட நினைத்தாலும் வழியில்லை. 125 வேக ஃபிலிமுக்கு மாறிய பிறகுதான் கைக்கு அசைய இடம் கிடைத்தது.

இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கிற கேமராவின் லாபம் எனக்கு முந்திரி உடைக்கிற இடத்தில்தான் புரிந்தது. முந்திரிப் பால் பட்டுக் கறுத்த விரல்களோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆயா, "என்ன தம்பி, பொட்டிக்குள்ள எதத் தொலச்ச?" என்றார். முகத்துக்கு நேரே எதையும் தூக்காததால் அவர் கை நிற்கவில்லை. பார்வைக் கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். நடந்துபோகிற ஒரு ஆட்டைத் தொடர்ந்து படமாக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறேன். ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் நான் போடுகிற எஃப்பி4 பிளஸுக்கு 20 டிகிரியில் 11 நிமிஷம். மே மாதம் எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் டீயே போடலாம். வீட்டு மண்பானைத் தண்ணீர் 25 டிகிரி பக்கம் இருக்கும். அதில் கலந்து ஏழு நிமிஷமாகக் குறைத்துக்கொண்டேன். எல்லாம் சரியாக வந்தும் காய்ந்த நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சையோ, மருந்துக் கோளாறோ என்று மூன்று ரோல் வீணடித்த பிறகுதான் விளங்கியது: போர்த் தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு. நான் படமெடுக்கப் போன பாறையே குழாய் வழியாக வீட்டுக்கு வந்திருக்கிறது! இப்போது கடைசி அலசலுக்கு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர்தான். மெக்கானிக் கடையில் கிடைக்கிறது.

மாதம் ஒரு ரோல், அதற்கு மேல் இல்லை என்று வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு 144 படம். மரத்தடி நிழலில்தான் ஃபிலிமை மாட்டுவேன், கழற்றுவேன். சுருள் தளர்ந்தால் ஃபிலிமோடு சுற்றிய காகிதத்தின் ஓரம் வழியே வெளிச்சம் புகுந்துவிடும். கழற்றியதும் இறுக்கி, பசைப் பட்டையை நாக்கில் நனைத்து ஒட்டிவிட வேண்டும்.

பதினோரு படம் எனக்கு. பன்னிரண்டாவது, "என்ன ஒண்ணு எடுங்க" என்று யார் கேட்கிறார்களோ அவருக்கு. போன மாதம் கேட்டது ஒரு லாரி கிளீனர். பானெட்டில் சாய்ந்து நின்றார். எடுத்து முடித்ததும் கேமராவின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். படம் அதில் தெரியாது, கழுவிப் பிரிண்ட் போடப் பத்து நாள் ஆகும் என்றேன்.

"பத்து நாளா? அப்ப நான் எந்த ஊர்ல கெடப்பேனோ, அண்ணே."

டீக்கடையில் கொடுத்து வைக்கிறேன், இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கல்லாப் பெட்டிக்குப் பின்னால், ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அந்தச் சதுரப் படம் இன்னும் சாய்ந்தபடி இருக்கிறது.