குட்டி நாயும் குழந்தையும்

புனே நகரில் கட்கி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பல தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அதில் ஒரு குடும்பத்தின் கதை இது.

வீட்டில் பாட்டி, மகன், மருமகள் இருக்கிறார்கள். ஏழு வயதில் ஒரு பேரன். தவழும் வயதில் ஒரு பேத்தி.

ஒரு நாள் மகன் வேலை முடிந்து வந்தார். கையில் ஒரு நாய்க்குட்டி. இரண்டு மாதக் குட்டி. பேரனுக்கு ஒரே சந்தோஷம். "மணி" என்று பெயர் வைத்தான்.

மணியின் வயிறு பானை போல உப்பி இருந்தது. "நல்லாச் சாப்பிட்ட குட்டி" என்றார் பாட்டி.

மறுநாள் காலை மணி வாந்தி எடுத்தது. வாந்தியில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். வேகவைத்த சேமியா போல இருந்தன. சில நெளிந்தன.

மருமகள் பயந்துவிட்டாள். "அத்தை, தவழுற குழந்தை இருக்கிற வீடு இது. இந்தக் குட்டி வேண்டாம். தெருவில் விட்டுடலாம்" என்றாள்.

பேரன் அழுதான். பாட்டி யோசித்தார். "முதல்ல மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர் என்ன சொல்றார்னு கேட்போம்" என்றார்.

புழு எங்கிருந்து வந்தது?

மாட்டு ஆஸ்பத்திரியை மராத்தியில் 'பசுவைத்யகீய தவாகானா' என்பார்கள். அங்கே மாடு மட்டும் அல்ல, ஆடு, நாய், பூனை எல்லாம் பார்ப்பார்கள்.

டாக்டர் மராத்தியில் பேசினார். மருமகள் அதைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னாள்.

"ஆஜி, இது உருளைப்புழு. இது தாயிடமிருந்தே வந்திருக்கும். தாய் நாயின் உடம்பில் புழுவின் குஞ்சுகள் தூங்கிக் கிடக்கும். தாய் சினையானதும் அவை விழித்துக்கொள்ளும். கருவில் இருக்கும் குட்டிக்குள் போய்விடும். தாய்ப்பால் வழியாகவும் போகும். அதனால் பெரும்பாலான குட்டிகளுக்குப் பிறக்கும்போதே புழு உண்டு" என்றார் டாக்டர்.

"எங்க குழந்தைக்கு வருமா டாக்டர்?" என்று கேட்டாள் மருமகள்.

"கவனிக்காவிட்டால் வரலாம். புழுவின் முட்டை குட்டியின் மலத்தில் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. வந்த அன்றே அது தொற்றாது. மண்ணில் இரண்டு, மூன்று வாரம் கிடந்து பக்குவமாகும். பிறகு ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். குழந்தை அந்த மண்ணைத் தொட்டு, விரலை வாயில் வைத்தால் முட்டை உள்ளே போகும். ஈரல், நுரையீரல் என்று புழுக்குஞ்சு உடம்பில் சுற்றும். கண்ணுக்குப் போனால் பார்வையே கெடலாம்" என்றார் டாக்டர்.

மருமகளின் முகம் வாடியது.

"பயப்படாதீர்கள். மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் முட்டை பக்குவமாக நேரம் இருக்காது. குட்டியைத் தெருவில் விட்டால் புழு போய்விடுமா? தெரு மண்ணில் முட்டை சேரும். அங்கேயும் பிள்ளைகள்தானே விளையாடுகிறார்கள்?" என்று கேட்டார் டாக்டர்.

மருந்து ஒரு தடவை போதாது

டாக்டர் மணியை எடை போட்டார். எடைக்குத் தக்கபடி பூச்சி மருந்து கொடுத்தார். ஈறைப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது மலம் கறுப்பாகவும் போகலாம். கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலில் நடப்பவர் தோலையும் துளைக்கும்.

"வேப்பிலைச் சாறு கொடுத்தால் போதாதா?" என்று கேட்டார் பாட்டி.

"அதை நம்பி இருக்கக்கூடாது ஆஜி. மனிதர் மாத்திரையையும் குத்துமதிப்பாகக் கொடுக்கக்கூடாது. மருந்து குடலில் உள்ள புழுவைக் கொல்லும். உடம்பில் ஒளிந்திருக்கும் குஞ்சுகள் பிறகு குடலுக்கு வரும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும்" என்றார் டாக்டர்.

பொதுவான கணக்கு இது:

குட்டிக்கு 2, 4, 6, 8 வாரம் ஆகும்போது ஒவ்வொரு முறை.
பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை.
பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை.
தாய் நாய்க்கும் மருந்து கொடுக்க வேண்டும்.

மணிக்கு இதுவரை ஒரு முறையும் மருந்து கொடுக்கவில்லை. அதனால் டாக்டர் இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். பாட்டி இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் அந்தத் தேதியில் "மணி - பூச்சி மருந்து" என்று எழுதினார்.

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும்

மணியின் காதுக்குள் உண்ணிகள் இருந்தன. உண்ணி ரத்தத்தைக் குடிக்கும். காய்ச்சலையும் பரப்பும். தெள்ளுப்பூச்சி நாடாப்புழுவைக் கொண்டு வரும். நாய் தன்னைக் கடிக்கும்போது பூச்சியை விழுங்கும். பூச்சிக்குள் இருக்கும் புழு நாயின் வயிற்றில் வளரும். மலத்தில் அரிசி போல ஏதாவது தெரிந்தால் அது நாடாப்புழுவின் துண்டாக இருக்கலாம்.

உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், பினாயில், மாட்டுக்குத் தெளிக்கும் விஷ மருந்து எதையும் குட்டிமேல் பூசக் கூடாது. குட்டி அதை நக்கினால் செத்துவிடலாம். சுவர் வெடிப்புகளில் உண்ணி முட்டையிடும். வெடிப்புகளை அடைக்க வேண்டும். குட்டி படுக்கும் சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும்.

பயத்தையும் நீக்க வேண்டும்

ஒரு வாரம் கழித்து மணிக்கு முதல் தடுப்பூசி போட்டார்கள். அப்போது மகனும் போயிருந்தார்.

"டாக்டர், இதை இருட்டு அறையில் கட்டிப் போட்டு வளர்க்கலாமா? யாரையும் பார்க்காமல் வளர்ந்தால் நல்ல காவல் நாய் ஆகும் என்கிறார்களே?" என்று கேட்டார் மகன்.

"அப்படி வளரும் நாய்க்கு வருவது வீரம் அல்ல, பயம். பயந்த நாய் திருடனைப் பார்த்துக் கடிக்காது. பந்து எடுக்க வரும் பிள்ளையைக் கடிக்கும்" என்றார் டாக்டர்.

இதை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆராய்ச்சி 1961-ல் வெளியானது. சில குட்டிகளை மனிதர் முகமே பார்க்காமல் ஒரு பெரிய வயலில் தாயோடு வளர்த்தார்கள். சில குட்டிகளை மட்டும் இடையில் ஒரு வாரம் எடுத்து மனிதரோடு பழக விட்டார்கள். அந்தக் குட்டிகள் மனிதரிடம் ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள் காட்டு விலங்கு போல மிரண்டன.

குட்டி உலகத்தைப் பழகும் காலம் 3-வது வாரம் முதல் 12, 14-வது வாரம் வரைதான். மணிக்கு இன்னும் ஒரு மாதமே மீதி இருந்தது.

"தடுப்பூசி முடியும் வரை மற்ற நாய்கள் அசுத்தம் செய்யும் இடத்தில் இறக்கி விடாதீர்கள். பார்வோ என்ற ரத்தபேதி நோய் வரும். ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டுங்கள்" என்றார் டாக்டர்.

பேரனுக்கு வேலை கிடைத்தது. அப்பாவோடு மணியைக் கூடையில் வைத்து வாசலில் உட்கார்ந்தான். தபால்காரர் வந்தார். தலைக்கவசம் போட்டவர் போனார். குடை பிடித்த பாட்டி வந்தார். தூரத்தில் ரயில் கூவியது. புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் மணிக்கு ஒரு வாய் சோறு கிடைத்தது.

பிள்ளையார் சதுர்த்திக்குப் புனேயில் தோல், தாஷா என்னும் மேளங்கள் அதிரும். ஒத்திகைச் சத்தத்தைத் தூரத்தில் இருந்து கேட்கச் செய்தார்கள். மணி நடுங்கினால் இன்னும் தள்ளிப் போனார்கள். வலுக்கட்டாயமாக அருகே இழுக்கவில்லை.

மணி விளையாட்டாகக் கையைக் கவ்வினால் யாரும் அடிக்கவில்லை. விளையாட்டை நிறுத்தி, கையை எடுத்துக்கொண்டார்கள். கடிக்க ஒரு கயிற்று முடிச்சைக் கொடுத்தார்கள்.

மருமகள் ஒரு விதி போட்டாள். மணி சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாரும் தொடக் கூடாது. கைக்குழந்தையை மணியோடு தனியாக விடக் கூடாது.

கடித்துவிட்டால்?

குட்டி கடித்தாலும் கடிதான். பல் பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு வைக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் சொல்லும் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

வெறிநோயின் அறிகுறி வந்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் வராமல் தடுக்கலாம். 1885-ல் பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பூசி போட்டார். நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் பிழைத்தான். தமிழ்நாட்டில் குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும்.

நினைவில் வைப்போம்

உப்பிய வயிறு கொழுப்பின் அடையாளம் அல்ல. புழுவாக இருக்கலாம்.
மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்போம்.
குட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்.
மூன்று மாதத்துக்குள் குட்டியை மனிதரோடு பழக்குவோம்.

பதில் சொல்லுங்கள்

1. குட்டிக்குப் புழு எப்படி வருகிறது?
2. பூச்சி மருந்தை ஏன் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும்?
3. இருட்டில் கட்டி வளர்த்த நாய் ஏன் கடிக்கிறது?
4. நாய் கடித்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் குட்டி நாய் வளர்க்கும் வீடு எது? அந்த வீட்டாரிடம் குட்டியின் வயதைக் கேளுங்கள். அடுத்த பூச்சி மருந்துக்கும் தடுப்பூசிக்கும் எப்போது போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.