வானலைச் சிக்கனம்

கம்பியின்றிச் செய்தி கொண்டுசெல்லும் கருவிகள் இன்று வகுப்பறை, நூலகம், அலுவலகம் எங்கும் இடம்பெற்றுவிட்டன. மாணவர் பலர் ஒரே வேளையிற் பாடம் பார்க்க முனையும்போது அவை தளர்ந்து நிற்பதையும் யாவரும் அறிவர். அப்பொழுது, "இன்னுமொரு கருவி வாங்குவோம்" என்பதே எங்கும் எழும் பேச்சு. சிலவிடங்களில் அது பொருந்தும். பலவிடங்களிலோ பணமும் போய் நோயும் முற்றும். அதன் காரணத்தை எளிய கணக்கொன்றினால் விளக்குவதே நம் நோக்கமாகும்.

வைபை எனப்படும் முறையில், ஒரே மீடிறன் வழியைப் பகிர்ந்துகொள்ளும் கருவிகளுள் ஒரு வேளையில் ஒன்றே பேசலாம். ஏனையவை பொறுத்திருத்தல் வேண்டும். ஆகவே ஈண்டுப் பங்கிடப்படும் பொருள் நேரமே. அந்நேரம் முழுவதும் பாடத்துக்குக் கிடைப்பதில்லை. சுவரிற் பொருத்தப்பட்ட நிலையக்கருவி தன் பெயரையும் இயல்பையும் 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அஃதாவது செக்கனுக்கு ஏறத்தாழப் பத்துமுறை, அறிவித்துக்கொண்டேயிருக்கும். கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் வெளிச்சவீடு ஒளி வீசுவது போன்றது இது. 'பீக்கன்' என இவ்வறிவித்தலுக்கு வழங்கும் பெயரும் அக்கருத்துடையதே. இதுவன்றி, கைத்தொலைபேசிகள் "அறிந்த வலையமைப்பு அருகில் உண்டோ?" என வினவுவதும், கேட்ட நிலையக்கருவிகள் மறுமொழி கூறுவதும் உள. இவற்றை நிருவாகச் செய்திகள் என்பர். இவையின்றி இணைப்பு நிகழாது; இவை மிகின் இணைப்பாற் பயனில்லை.

இதனை அளந்து பார்ப்போம். 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் நியமம் செக்கனுக்கு 1 மெகாபிற், 2 மெகாபிற் என்னும் வேகங்களையே வகுத்தது. பின்னர் வேகம் பன்மடங்கு பெருகிற்று. ஆயினும் 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில், பழைய கருவிகளும் விளங்கிக்கொள்ளும்பொருட்டு, அறிவித்தல்கள் இன்றும் பலவிடங்களில் 1 மெகாபிற் வேகத்திலேயே செல்கின்றன. ஓர் அறிவித்தல் 250 பைற், அதாவது 2000 பிற், நீளமுடையதெனக் கொள்வோம். அதற்கு 2 மில்லிசெக்கனும், அதன் முன்னே செல்லும் ஆயத்தக் குறிக்கு ஏறத்தாழ 0.2 மில்லிசெக்கனும் வேண்டும். பத்துமுறைக்கு 22 மில்லிசெக்கன். நேரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சிறிது மேல். இவ்வளவில் நின்றால் இடரில்லை.

ஆனால் ஆசிரியர், மாணவர், அலுவலகம், விருந்தினர், பரீட்சை என ஐந்து பெயர்களை ஒரு நிலையக்கருவி தாங்குமாயின், ஒவ்வொரு பெயர்க்கும் தனித்தனி அறிவித்தல் வேண்டும். ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில், ஒரே வழியில், அத்தகைய நான்கு கருவிகள் இருப்பின் பெயர்கள் இருபது. செல்லும் நேரம் 440 மில்லிசெக்கன். எவரும் ஓரெழுத்துப் படிக்குமுன்னரே நூற்றுக்கு 44 பங்கு நேரம் கழிந்துவிடும். ஐந்தாவது கருவியையும் அதே வழியிற் பொருத்தினால் அது 55 பங்காகும். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்னும் முதுமொழிக்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

பரிகாரங்கள் மூன்று. முதலாவது, பெயர்களைக் குறைத்தல். 2003 ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் தோன்றிய 'எடுரோம்' என்னும் ஏற்பாடு இதற்கு நல்ல முன்மாதிரி. இலங்கையில் உயர்கல்வி நிறுவனங்களை இணைக்கும் 'லேர்ண்' வலையமைப்பு அதனை நடத்துகின்றது. எந்த நிறுவனத்தவராயினும் அந்த ஒரே பெயரினூடாகவே நுழைவர். அவர் யாவர் என்பது அவர்தம் அடையாளத்தாலும் கடவுச்சொல்லாலும் அறியப்படும். பிறவிடத்துச் சென்றோர்க்கும் இணைப்புக் கிடைத்தலே அதன் முதல் நோக்கம். எனினும் வானலைச் சிக்கனமும் அதனால் விளைகின்றது. பாடசாலையிலும் ஆசிரியரையும் மாணவரையும் இவ்வாறு ஒரே பெயரின்கீழ் வகைப்படுத்தலாம்.

இரண்டாவது, அறிவித்தலின் வேகத்தை உயர்த்தல். 6 மெகாபிற் வேகத்தில் மேற்கூறிய அறிவித்தலுக்கு ஏறத்தாழ 0.36 மில்லிசெக்கனே செல்லும். நான்கு கருவிகளும் ஒவ்வொரு பெயரையே இவ்வேகத்தில் அறிவிப்பின், 44 பங்கு ஒன்றரைப் பங்குக்கும் குறைவாகச் சுருங்கும். மூன்றாவது, அயற்கருவிகளை ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆம் வழிகளிற் பிரித்து வைத்து, வேண்டாத வலுவைக் குறைத்தல்.

இவற்றுக்கும் எல்லையுண்டு. வேகத்தை உயர்த்தினால் 1999 ஆம் ஆண்டு நியமத்தோடு நின்ற பழங்கருவிகள் இணையமாட்டா. எட்டும் தூரமும் சிறிது குறுகும். பெயரை மறைத்துவைத்தல் பரிகாரமன்று. மறைந்த பெயர்க்கும் அறிவித்தல் செல்லும். அதனைத் தேடும் தொலைபேசிகளின் வினாக்களும் மிகும். அறிவித்தல்களின் இடைவெளியை மிக நீட்டினால், மின்கலத்தைச் சேமிக்க உறங்கி அவ்வறிவித்தலைக் கேட்க விழிக்கும் தொலைபேசிகள் தமக்குரிய செய்தியைத் தாமதித்தே பெறும்.

பாடசாலைகளுக்குக் கருவிகள் வழங்க முன்வரும் பழைய மாணவர்க்கு நாம் கூறவிரும்புவது இதுவே: வாங்குமுன் அளப்பிக்க. கணினியொன்றிற் செவியேற்கும் மென்பொருளை நிறுவி, எத்தனை பெயர்கள், எவ்வழியில், எவ்வேகத்தில் ஒலிக்கின்றன என எழுதிவைத்தல் உயர்வகுப்பு மாணவர்க்கு நல்லதொரு பௌதிகச் செய்முறையாகும். அவ்வட்டவணையைக் கண்டபின் புதுக்கருவி வேண்டுமெனின் வாங்கலாம். பெரும்பாலும், உள்ள கருவிகளில் மூன்று நான்கு பெயர்களை நீக்கினாலே பின்வாங்கில் இருக்கும் மாணவனுக்கும் பாடம் வந்துசேரும்.