எண்ணெய்: கிலோவா, லிட்டரா?

“என்னங்க, டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னாரே, இந்த மாசம் எவ்வளவு வாங்கினீங்க?”

“மாசாமாசம் நாலு லிட்டர் பாக்கெட் வாங்குவோமில்ல? இப்போ செக்குல மூணரை கிலோதான் வாங்கினேன். அரை லிட்டர் குறைச்சாச்சு!”

நெய்வேலி டவுன்ஷிப்பில், நாலு பேர் உள்ள ஒரு குவார்ட்டர்ஸில் இந்தப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கமெல்லாம் மணிலா விளைகிற பூமி. செக்கு எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் பாக்கெட் லிட்டரில் வருகிறது, சில செக்குகளில் கிலோவில் தருகிறார்கள். ஐயா குறைத்தது அரை லிட்டர் அல்ல, வெறும் 150 மில்லிதான்! எப்படி?

தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. அதனால்தான் ரசத்தில் தாளித்த எண்ணெய் மேலே மிதக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். கடலெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, பாமாயில் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு.

மனசிலேயே போட இரண்டு வழிகள்:

* கிலோவை லிட்டராக்க, பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். மூன்றரை கிலோ = 3 லிட்டர் 850 மில்லி.
* லிட்டரைக் கிலோவாக்க, பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கழியுங்கள். 4 லிட்டர் = 3 கிலோ 640 கிராம்.

விலையிலும் ஏமாறாதீர்கள். லிட்டர் 300 ரூபாய், கிலோ 320 ரூபாய் என்றால் எது மலிவு? 320-ஐ 0.91-ஆல் பெருக்குங்கள். லிட்டருக்கு 291 ரூபாய்தான். கிலோவே லாபம்!

வெயிலில் எண்ணெய் விரியும், எடை மாறாது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம். 60 டிகிரியில் 893 கிராம்தான். சில பாக்கெட்டுகளில் இப்படி அதிக வெப்பநிலையைப் போட்டு அளவைக் குறித்தார்கள். அதனால் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல், கொள்ளளவையும் எடையையும் சரியாக அச்சிடும்படி எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னது. ஆகவே பாக்கெட்டில் கிராம் அளவையும் பாருங்கள்.

சரி, எவ்வளவு வாங்கலாம்? அதிக உடலுழைப்பு இல்லாத பெரியவருக்கு, நெய், டால்டா எல்லாம் சேர்த்து நாளைக்கு 20-லிருந்து 30 கிராம் போதும். நடுவாக 25 கிராம் வைத்தால், நாலு பேருக்கு மாதம் 3 கிலோ, அதாவது 3 லிட்டர் 300 மில்லி. சாயங்கால பஜ்ஜி, போண்டாவும் இந்தக் கணக்கில்தான்! இதய நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு டாக்டர் சொல்வதே அளவு.

ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி எண்ணெய் நாலரை கிராம். சுமார் 40 கலோரி. 25 கிராம் என்பது ஐந்தரை டீஸ்பூன்தான். தோசைக்கல்லில் கை போன போக்கில் ஊற்றினால் காலை டிபனிலேயே பாதி காலியாகிவிடும்.

இன்றிலிருந்து ஒரு பழக்கம். காலையில் அன்றைக்கான எண்ணெயை அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். நாலு பேருக்கு 110 மில்லி. அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ‘குறைச்சாச்சு’ என்று அப்புறம் தைரியமாகச் சொல்லலாம்!