கதிர் அரிவாள் இரத்தசோகை: மூலக்கூறு மரபியல் முக்கியக் குறிப்புகள்

மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் புரதம், செல், உடல் என ஒவ்வொன்றும் எப்படிப் பாதிக்கப்படும் என்பதை முழுமையாகக் காட்டும் நோய் இது. இதைத் தெளிவாகப் படித்துவிட்டால் சடுதிமாற்றம், மரபுவழிக் கடத்தல், மரபணு சிகிச்சை ஆகிய மூன்று பாடங்களுக்கும் அடித்தளம் அமைந்துவிடும்.

கண்டறிந்த வரலாறு
- 1910: சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், அரிவாள் வடிவ இரத்தச் சிவப்பணுக்களை முதன்முதலில் விவரித்தார்.
- 1949: லைனஸ் பாலிங் குழு, மின்னாற்பிரித்தல் முறையில் ஹீமோகுளோபின் வேறுபாட்டை நிறுவியது. 'மூலக்கூறு நோய்' எனப் பெயரிடப்பட்ட முதல் நோய் இதுவே.
- 1952: லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடையே இம்மரபணு இருப்பதைப் பதிவு செய்தனர்.
- 1954: இம்மரபணுவுக்கும் மலேரியா எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பை ஆலிசன் வெளியிட்டார்.
- 1957: மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் எனத் துல்லியமாகக் காட்டியவர் வெர்னான் இங்ராம்.

மூலக்கூறு அடிப்படை
- மரபணு: பீட்டா குளோபின். இடம்: 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கரம். (ஆல்ஃபா குளோபின் மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமில் உள்ளன.)
- பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆல்ஃபா சங்கிலியில் 141.
- டி.என்.ஏ.வில் 'ஜி.ஏ.ஜி.' என்ற கோடான் 'ஜி.டி.ஜி.' ஆகிறது, தூது ஆர்.என்.ஏ.வில் அது 'ஜி.யு.ஜி.'.
- விளைவு: 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின்.
- வகை: புள்ளி சடுதிமாற்றம். அடினினுக்குப் பதில் தைமின், அதாவது பியூரினின் இடத்தில் பிரிமிடின் வருகிறது.
- குளூட்டாமிக் அமிலம் நீரை ஈர்ப்பது. வாலின் நீரை விலக்குவது. எனவே ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு விறைத்து அரிவாள் வடிவம் பெறுகிறது.

உடலில் விளைவுகள்
- இயல்பான சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அரிவாள் செல்லுக்கு 10 முதல் 20 நாட்களே. அதனால் இரத்தசோகை.
- நுண் இரத்தக்குழாய்கள் அடைபடுவதால் கடும் வலி, உறுப்புச் சிதைவு.
- கருநிலை ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி உள்ளது. ஆகவே பிறந்த முதல் சில மாதங்களில் அறிகுறி தோன்றுவதில்லை.

மரபுவழிக் கடத்தல்
- உடற்குரோமோசோம் சார்ந்த ஒடுங்கு நோய். ஆண், பெண் இருபாலரையும் சமமாகப் பாதிக்கும்.
- பெற்றோர் இருவரும் கடத்திகள் (பிறழ்ந்த மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் உடையவர்கள்) எனில், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25%, கடத்தியாக 50%, இயல்பாக 25% வாய்ப்பு. முதல் குழந்தைக்கு நோய் இருப்பதால் அடுத்த குழந்தைக்கான வாய்ப்பு மாறுவதில்லை.
- கடத்திகளுக்குக் கடும் ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு. மலேரியா பரவிய பகுதிகளில் இம்மரபணு நிலைத்ததற்கு இதுவே காரணம்.

சிகிச்சை
- ஹைட்ராக்சியூரியா: கருநிலை ஹீமோகுளோபினை அதிகரிக்கும் மருந்து.
- எலும்பு மஜ்ஜை மாற்று: பொருத்தமான கொடையாளர் தேவை.
- காஸ்கெவி: கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் அமைந்த, ஒப்புதல் பெற்ற முதல் சிகிச்சை. 2023 நவம்பரில் பிரிட்டன், டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தன.
- கிறிஸ்பருக்காக 2020 வேதியியல் நோபல்: இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா.

நடப்பு நிகழ்வு
- தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம்: 2023 ஜூலை 1, ஷாடோல், மத்தியப் பிரதேசம். இலக்கு ஆண்டு 2047.
- பழங்குடியினர் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம்.
- உலக அரிவாள் செல் நாள்: ஜூன் 19.

தேர்வில் குழப்பும் இடங்கள்
- தலசீமியாவில் குளோபின் சங்கிலியின் உற்பத்தி குறைகிறது. அரிவாள் செல் நோயில் சங்கிலியின் அமைப்பு மாறுகிறது.
- காஸ்கெவி பிறழ்ந்த பீட்டா மரபணுவைத் திருத்துவதில்லை. பி.சி.எல்.11ஏ மரபணுவின் செயலை இரத்தச் செல்களில் தணித்து, கருநிலை ஹீமோகுளோபினை மீண்டும் உருவாகச் செய்கிறது.
- கடத்தி நோயாளி அல்லர். திருமணத்துக்கு முன் இருவரும் எளிய இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால், பிறக்கப்போகும் குழந்தைக்கான வாய்ப்பை முன்பே அறியலாம். மதிப்பெண்ணுக்கு அப்பாலும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய குறிப்பு இது.