சர்வதேச உறவுகள் படிக்க எந்தக் கல்லூரி?

பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தக் கேள்வியோடு வரும் பிள்ளைகளின் மனத்திலும், கூட வரும் பெற்றோர் மனத்திலும் சில நம்பிக்கைகள் கெட்டியாக ஒட்டியிருக்கின்றன. அவற்றை நம்பி மூன்று ஆண்டுகளையும் குடும்பத்தின் சேமிப்பையும் தவறான இடத்தில் போடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

நம்பிக்கை: தூதராக வேண்டுமானால் இந்தப் பட்டம் கட்டாயம்.

இல்லை. இந்திய வெளியுறவுப் பணிக்கு ஆள் எடுப்பது யு.பி.எஸ்.சி.யின் குடிமைப் பணித் தேர்வு. அதை எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். 1973இல் பணியில் சேர்ந்து வெளியுறவுச் செயலராக உயர்ந்த நிருபமா ராவ் படித்தது ஆங்கில இலக்கியம். 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலையும் சர்வதேச உறவுகளையும் பொறியியல் பட்டதாரிகூட எடுக்கலாம். வேலைக்காக மட்டும் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பாடம் பிடித்திருந்தால் எடுங்கள்.

நம்பிக்கை: ஜே.என்.யு.வில் பி.ஏ. சேர்ந்துவிட்டால் கவலையில்லை.

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கிப் பின்னர் ஜே.என்.யு.வோடு இணைந்த சர்வதேசக் கல்விப்புலம் பெயர் பெற்றது எம்.ஏ.விலும் ஆய்விலும். ஜே.என்.யு.வில் பிளஸ் டூ முடித்தவருக்குத் திறந்திருக்கும் முக்கிய வாசல் சீனம், ரஷ்யன், அரபு போன்ற மொழிகளில் பி.ஏ. அதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். பதினெட்டு வயதில் ஒரு மொழியை ஊன்றிக் கற்றவரால் அந்த நாட்டின் பத்திரிகையை நேரடியாகப் படிக்க முடியும், எம்.ஏ.வில் கோட்பாடுகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இளங்கலையிலேயே இந்தப் பாடம் வேண்டுமென்றால் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள் உண்டு. மற்றபடி சென்னையில் மாநிலக் கல்லூரியிலோ கிறித்தவக் கல்லூரியிலோ அரசியல் அறிவியல் படிப்பது எந்த வகையிலும் தாழ்வில்லை.

நம்பிக்கை: ரேங்க் பட்டியலில் மேலே இருந்தால் வகுப்பும் நன்றாக இருக்கும்.

க்யூ.எஸ். உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் 30 சதவீதம் கல்வியாளர்களிடம் கேட்டறியும் நற்பெயருக்கு. 20 சதவீதம் ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படுவதற்கு. முதலாண்டு வகுப்பில் யார் நின்று பாடம் நடத்துகிறார் என்பதை இந்த இரண்டும் சொல்லாது. முதல் உலகப் போரில் உயிரிழந்த மாணவர்களின் நினைவாக 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் தொடங்கியதுதான் இந்தத் துறைக்கென உலகில் எழுந்த முதல் பல்கலைக்கழகத் துறை. பொதுப் பட்டியலின் உச்சியில் அந்த ஊரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் இத்துறையைப் படித்தவர்கள் அந்தப் பெயரை அறிவார்கள்.

நம்பிக்கை: ஸ்காட்லாந்தில் எம்.ஏ. என்றால் முதுகலை.

அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அது பள்ளி முடித்தவர்கள் நேரடியாகச் சேரும் நான்காண்டு முதல் பட்டம்.

விண்ணப்பிக்கும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்றாம் ஆண்டு சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வேடு எழுத வைக்கிறார்களா, ஒரு மொழியைத் தொடர்ந்து கற்பிக்கிறார்களா என்று பாருங்கள். தெற்காசியாவுக்குத் தனித் தாள் இருக்கிறதா, இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லை வகுத்த 1974 உடன்படிக்கையைப் போன்ற ஒன்றை வகுப்பில் எடுத்து விவாதிப்பார்களா என்றும் கேளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து போகும் பிள்ளைக்கு அந்தப் பதில் முக்கியம்.