ஹெட்போனில் கணீரென்று இருக்கிறது, போனில் காணாமல் போகிறது

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நடந்த பட்டிமன்றத்தை வீடியோ எடுத்தேன். மண்டபத்தின் பின்பக்கம் ஸ்டாண்டில் ஒரு கேமரா, மேடையருகே குளோசப்புக்கு ஒரு போன். பேச்சு தெளிவாக வேண்டும் என்று மைக் செட்காரரிடம் கேட்டேன். ஒரு முனையில் மூன்று முள் வைத்த பெரிய பிளக்கும் மறுமுனையில் ஹெட்போன் பின்னும் உள்ள ஒரு ஒயரை மிக்ஸரிலிருந்து கொடுத்தார். அதை என் சின்ன ரெக்கார்டரின் லைன்-இன்னில் செருகி இரண்டு மணி நேரமும் தனியாகப் பதிவு செய்தேன். இப்போது டாவின்சி ரிசால்வில் கேமரா ஒலி முதல் டிராக்கிலும் ரெக்கார்டர் ஒலி இரண்டாவது டிராக்கிலும் இருக்கின்றன.

தொல்லை மூன்று. ஹெட்போனில் கேட்டால் பேச்சு கணீரென்று இருக்கிறது. அதையே எக்ஸ்போர்ட் செய்து அம்மாவின் பழைய போனில் போட்டால் பேச்சு எங்கோ தூரத்தில் கேட்கிறது, கைதட்டல் மட்டும் பெரிதாக வருகிறது. அடுத்தது, ஆட்டோ சிங்க் கொடுத்தபோது தொடக்கத்தில் சரியாக இருந்தது. போகப் போக விலகி, தீர்ப்பு சொல்லும்போது வாயசைவுக்கு ஆறு ஃபிரேம் பின்னால் குரல் வருகிறது. கடைசியாக, இரண்டு டிராக்கையும் சேர்த்து வைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. ஈக்வலைசர், நாய்ஸ் ரிடக்‌ஷன், வால்யூம் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். பதிவே வீணாகிவிட்டதா? கேமரா ஒலியை எடுத்துவிட்டு ரெக்கார்டரை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா?

— வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: வீணாகவில்லை. கேமரா ஒலியையும் எடுக்காதீர்கள். நீங்கள் போட்ட எஃபெக்ட்டுகளை மட்டும் நீக்கிவிட்டு, ஃபேடர்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, புதிதாகத் தொடங்குங்கள். உங்கள் கடிதத்தை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரிகிறது. எந்த ஒலியும் பதிவில் கெடவில்லை. ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் மூன்று கோளாறும் பிறக்கின்றன. அப்படிப்பட்ட கோளாறை ஈக்வலைசர் தீர்க்காது, மறைக்கத்தான் செய்யும்.

முதலாவதிலிருந்து வருவோம். ஒயரை இவ்வளவு விவரமாக எழுதியது நல்லதாயிற்று, விடை அதில்தான் இருக்கிறது. மூன்று முள் வைத்த அந்த பிளக்குக்கு எக்ஸ்.எல்.ஆர். என்று பெயர். முதல் முள் கிரவுண்ட். இரண்டாவது முள்ளில் குரல் நேராகப் போகும், மூன்றாவதில் அதே குரல் தலைகீழாகப் போகும். மேடைக்கும் மிக்ஸருக்கும் நடுவே நூறடி கேபிள் ஓடும்போது, பக்கத்தில் உள்ள கரண்ட் ஒயரின் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் உள்ள கருவி ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும். கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும், தலைகீழாக வந்த குரல் நேராகத் திரும்பி மற்றதோடு கூடிவிடும். மேடை ஒலியமைப்பு இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நடக்கிறது.

உங்கள் ரெக்கார்டரின் 3.5 மி.மீ. துளையில் இந்தக் கழித்தல் கிடையாது. பின்னின் நுனியில் வருவதை இடது காதுக்கும், அடுத்த வளையத்தில் வருவதை வலது காதுக்கும் என்று ஸ்டீரியோவாக அது எடுத்துக்கொள்ளும். ஆகவே இடது பக்கம் நேரான குரலும் வலது பக்கம் தலைகீழான குரலும் பதிவாகிவிட்டன. ஹெட்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் சத்தம் குறையாது. ஆனால் கவனித்துக் கேளுங்கள்: குரல் நெற்றிக்கு நேரே நிற்காது, தலைக்கு வெளியே இரண்டு பக்கமும் பரவி நிற்பதுபோல் ஒரு சங்கடம் இருக்கும். அம்மாவின் போனில் ஸ்பீக்கர் ஒன்றுதான். அது இடதையும் வலதையும் கூட்டித்தான் ஒலிக்க வேண்டும். ஒன்றும் கழித்தல் ஒன்றும் பூஜ்யம். குரல் போய்விட்டது. கேமரா மைக்கில் பதிவான கைதட்டலும், மண்டப ஸ்பீக்கர் வழியாக அதில் விழுந்த தூரத்துக் குரலும் மட்டும் மிஞ்சின.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரெக்கார்டர் கிளிப்பை ரிசால்வின் ஃபேர்லைட் பக்கத்தில் திறந்து, ஒரே ஒரு சொல் திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். இன்னும் பெரிதாக்கினால் வேவ்ஃபார்ம் தனித்தனி அலையாகப் பிரியும். இடது கோடு மேலே ஏறும் அதே கணத்தில் வலது கோடு கீழே இறங்கும். குளத்தங்கரை மரமும் தண்ணீரில் அதன் நிழலும் போல இரண்டும் நிற்கும். சாதாரண ஸ்டீரியோவில் இப்படி அச்சுப் பிசகாத எதிர்நிலை வராது.

தீர்வுக்கு ஒரு நிமிடம் போதும். டைம்லைனில் அந்தக் கிளிப்பின்மேல் வலது கிளிக் செய்து கிளிப் ஆட்ரிபியூட்ஸைத் திறந்து ஆடியோ பகுதிக்குப் போங்கள். ஸ்டீரியோவின் இடதுக்கும் வலதுக்கும் இரண்டுக்குமே முதல் சேனலையே கொடுங்கள். மோனோ என்று மாற்றினாலும் ஆகும். ஆனால் மோனோ கிளிப்பை ஸ்டீரியோ டிராக்கில் வைத்தால் ரிசால்வில் இடது காதில் மட்டும்தான் கேட்கும், டிராக்கையும் மோனோவாக மாற்ற வேண்டி வரும். பிரீமியரில் வேலை செய்கிறவர்களுக்கு ‘ஃபில் ரைட் வித் லெஃப்ட்’ என்ற எஃபெக்ட் இதையே செய்கிறது. ஆடாசிட்டியில் ஸ்டீரியோ டிராக்கை இரண்டாகப் பிரித்து ஒன்றை அழித்துவிடலாம். இந்தப் பதிவில் வலது சேனலை இழப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை, இரண்டிலும் இருப்பது ஒரே குரல்தான்.

இனி எந்த வீடியோவாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் மோனோவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். விண்டோஸ் 11-இல் ஒலி அமைப்புகளிலேயே மோனோ ஆடியோ என்ற பொத்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அணுகல்வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஊரில் உங்கள் பட்டிமன்றத்தைப் பார்க்கப் போகிற பெரியவர்களில் எத்தனையோ பேர் ஒற்றை ஸ்பீக்கர் போனில்தான் பார்ப்பார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டும்.

அடுத்து, விலகிப்போகும் சிங்க். கேமராவுக்குள் ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்குள் ஒரு கடிகாரம். இரண்டும் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று எண்ணினாலும், இரண்டு படிகங்களும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. இரண்டு மணி நேரம் என்பது 7,200 நொடி. நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோவில் ஆறு ஃபிரேம் என்பது 240 மில்லிநொடி. கணக்குப் போட்டால் பத்து லட்சத்துக்கு 33 பங்கு வித்தியாசம். விலை குறைந்த கருவிகளுக்கு இது இயல்பான அளவுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆட்டோ சிங்க் ஓர் இடத்தில் பொருத்திக் கொடுக்கும், அதற்குப் பிறகான விலகலைத் திருத்தாது.

விலகலின் அளவே நோயைச் சொல்லும் என்பதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சில ஃபிரேம்கள் மெல்ல மெல்லக் கூடினால் கடிகார வித்தியாசம். இரண்டு மணி நேரத்தில் ஏழு நொடி விலகினால் 29.97-க்கும் 30-க்கும் இடையே ஃபிரேம் ரேட்டில் குழப்பம். குரலின் சுருதியே மாறி, பத்து நிமிடம்போல நீளமே வேறுபட்டால் 44,100-இல் பதிவானதை 48,000 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் திடீரென்று தாவினால் கோப்பு இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது. முன்னும் பின்னும் ஊசலாடினால் அது பெரும்பாலும் போன். போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி ஃபிரேம் ரேட்டை மாற்றிக்கொண்டே போகும். உங்கள் குளோசப் கோப்பை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் மாறாத ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் சேருங்கள். இல்லாவிட்டால் நான்காவது தலைவலி ஒன்று காத்திருக்கிறது.

உங்களுடையது கடிகார வித்தியாசம்தான். வேகத்தை மாற்றிச் சரிசெய்யலாமே என்று தோன்றும். இங்கே அது உதவாது. வேகப் பெட்டியில் இரண்டு தசம இடம்தான் கிடைக்கிறது என்றால், 0.01 சதவீதம் மாற்றினாலே இரண்டு மணி நேரத்தில் 720 மில்லிநொடி நகர்ந்துவிடும். உங்களுக்கு வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே வெட்டிப் பொருத்துங்கள். பட்டிமன்றத்தின் அமைப்பே அதற்குத் தோதாக இருக்கிறது. நடுவரின் முன்னுரை, பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேச்சு, தீர்ப்பு என்று எட்டுப் பகுதிகள் என வைத்துக்கொள்வோம். பகுதிக்குப் பதினைந்து நிமிடம். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ரெக்கார்டர் கிளிப்பை வெட்டிப் புதிதாகப் பொருத்தினால், அந்தப் பகுதி முடிவதற்குள் 30 மில்லிநொடிதான் விலகும். அது ஒரு ஃபிரேமுக்கும் குறைவு, யார் கண்ணுக்கும் தெரியாது.

எதை வைத்துப் பொருத்துவது? பேச வருகிறவர் மைக்கை இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார் அல்லவா, அந்த ‘டொக்’ இரண்டு டிராக்கிலும் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். அது கிடைக்காத இடத்தில் நடுவர் அடிக்கும் மணி. குரலை வைத்துப் பொருத்துவதைவிட இவை இரண்டும் துல்லியமானவை.

பொருத்தி முடித்ததும் இன்னொரு வேலை இருக்கிறது, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கேமரா மண்டபத்தின் பின்பக்கம் இருந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து கேமரா 15 மீட்டர் தள்ளி இருந்தால், சத்தம் கேமராவை அடைய 43 மில்லிநொடி ஆகியிருக்கும். படத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆகவே கேமரா ஒலியோடு அச்சாகப் பொருத்திய குரல் உதட்டசைவுக்கு ஒரு ஃபிரேம் பின்தங்கியிருக்கும். ரெக்கார்டர் கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்து ஒரு ஃபிரேம் முன்னுக்கு இழுங்கள். அதற்குமேல் இழுக்க வேண்டாம். குரல் பிந்துவதை நம் காது ஓரளவு பொறுக்கும், முந்துவதைப் பொறுக்காது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் மனிதர் கவனிக்கும் எல்லையாகச் சொல்லப்படுவது முந்தினால் 45, பிந்தினால் 125 மில்லிநொடி. தீர்ப்பு நேரத்து 240 உங்களை உறுத்தியதில் வியப்பில்லை.

கிணற்றுக் குரலுக்கு இப்போது பாதி வைத்தியம் ஆகிவிட்டது. மீதியும் எளிது. ஒரே குரல் இரண்டு வழியாக, சில மில்லிநொடி இடைவெளியில் வந்து சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று விழுங்கிவிடும். இடைவெளி ஒரு மில்லிநொடி என்றால் 500 ஹெர்ட்ஸிலும் 1,500 ஹெர்ட்ஸிலும் 2,500 ஹெர்ட்ஸிலும் பள்ளம் விழும். இவை பேச்சின் தெளிவு இருக்கும் இடங்கள். இரண்டு டிராக்கும் சம சத்தத்தில் இருக்கும்போதுதான் பள்ளம் ஆழமாகும். பேச்சு நடக்கும்போது கேமரா டிராக்கை ரெக்கார்டரைவிட 15 முதல் 20 டெசிபெல் கீழே வையுங்கள். குரல் தனியாக, சுத்தமாக எழுந்து நிற்கும்.

ஆனால் மியூட் செய்யாதீர்கள், கேமரா ஒலியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதால் அழுத்தியே சொல்கிறேன். மிக்ஸரிலிருந்து வந்த ஒலியில் ஜனங்கள் இல்லை. பேச்சாளர் ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தியதும் மண்டபமே சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பு கேமரா டிராக்கில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பேச்சாளர் ஏன் நிறுத்தினார் என்றே வீட்டில் பார்ப்பவருக்குப் புரியாது. சிரிப்பும் கைதட்டலும் எழும் இடங்களில் கீஃபிரேம் போட்டுக் கேமரா டிராக்கை ஏற்றி, அடுத்த சொல் தொடங்குமுன் இறக்குங்கள். ஏற்றுவது வேகமாக, இறக்குவது மெதுவாக. இரண்டு மணி நேரப் பட்டிமன்றத்துக்கு இது ஒரு நாள் வேலை. செலவழியுங்கள், வீடியோவின் உயிரே அதில்தான் இருக்கிறது.

எக்ஸ்போர்ட் செய்யும்போது மொத்த மீட்டரின் உச்சம் −1 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள். டிராக்குகள் தனித்தனியே அடக்கமாக இருந்தாலும், இரண்டும் கூடும் இடத்தில் அளவு மீறும். யூடியூபுக்கு என்றால் சராசரிச் சத்தம் −14 எல்.யு.எஃப்.எஸ். அருகே இருக்கட்டும், அதற்குமேல் சத்தமாக வைத்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்குப் போகும்போது மைக் செட்காரரிடம் மிக்ஸரில் ‘ரெக் அவுட்’ அல்லது ‘டேப் அவுட்’ இருக்கிறதா என்று கேளுங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. துளைகள் இருக்கும். அதிலிருந்து 3.5 மி.மீ. ஒயர் போட்டால் தலைகீழ்க் குரல் என்ற பேச்சே இல்லை. எக்ஸ்.எல்.ஆர். துளை உள்ள ரெக்கார்டர் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது, அது கழித்தலைத் தானே செய்துவிடும். நிகழ்ச்சி தொடங்குமுன் மேடை மைக்கை ஒரு முறை தட்டச் சொல்லுங்கள், முடிந்ததும் இன்னொரு முறை. கேமராவும் ரெக்கார்டரும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்ட வேண்டும். இரண்டு தட்டலுக்கும் நடுவிலுள்ள நீளத்தை இரண்டு கோப்பிலும் அளந்தால், எத்தனை ஃபிரேம் விலகப்போகிறது என்பது எடிட்டிங் தொடங்குமுன்னே கையில் இருக்கும்.