மண்ணா, காற்றா?

நமுனுகுல

அன்பு மகளுக்கு,

கோப்பி அழிந்த கதையை நீ எழுதியதை வாசித்தேன். இலையின் அடியில் அப்பிய மஞ்சள் பொடியை நீ வர்ணித்தது என் விரலிலேயே ஒட்டியது. இப்படி எழுத இந்த மலையில் இன்று வேறு ஆளில்லை. எரிச்சல் கூடுதலாக வருவதும் அதனால்தான்.

மூன்றாம் பந்தியில் மண் சத்திழந்ததால் நோய் வந்தது என்கிறாய். ஆறாம் பந்தியில் காற்றில் பறந்த வித்தியால் வந்தது என்கிறாய். எதை நம்புவது? 1869இல் இந்த நோய் முதலில் கண்ணில் பட்டது நம் பக்கத்து மடுல்சீமையில். அப்போது அது புதிதாகக் காடழித்துக் கோப்பி வைத்த பகுதி. களைத்த மண்தான் காரணமென்றால், பழைய கண்டித் தோட்டங்களில் அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? மடுல்சீமையின் பெயரை நீயே எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு மூன்றாம் பந்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நலிந்த மரத்தை நோய் எளிதாகப் பிடிக்கும் என்று ஒரு வரி போட்டிருந்தால்கூட இரண்டும் ஒத்துப்போயிருக்கும்.

தேயிலையிலும் இப்படித்தான். அதற்குரிய கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது. நான் பொடியனாக இருந்தபோதும் லயத்தில் அந்தப் பேச்சு ஓயவில்லை. எல்லாரும் பனியைத்தான் திட்டுவார்கள். எங்கள் அப்பாயி மட்டும், “அதுக்கு முந்தி இந்த மலையில பனியே பெய்யலியா?” என்று கேட்கும். பள்ளிக்கூடத்து வாசல்படி மிதிக்காத மனுசி. விஞ்ஞானம் படிப்பித்த காலமெல்லாம் பிள்ளைகளின் விடைத்தாள்களில் அந்த மாதிரிக் கேள்வியைத்தான் சிவப்பு மையில் எழுதினேன்.

முரணில்லாமல் எழுதினால் போதும் என்றும் நினைத்துவிடாதே. மண் சத்துக் கதையைத் தனியே எடுத்தால் அதற்குள் முரண் ஏதுமில்லை. மடுல்சீமையோடு சேர்த்து வைத்தால்தான் உடைகிறது. கோப்பி நோயை ஆராய 1880இல் இலங்கைக்கு வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் தோட்டத்தில் கண்ணாடித் தகடுகளை வைத்து, காற்றில் வந்த வித்திகளைப் பிடித்தார். அவை ஈர இலையில் முளைத்து, அடிப்பக்கத்து இலைவாய்கள் வழியே உள்ளே நுழைவதைக் காட்டினார்.

அப்படியானால் கந்தகமும் சுண்ணாம்பும் தூவுவது? முளைக்குமுன் தூவினால் பயனிருக்கலாம். இலைக்குள் போய்விட்ட பூஞ்சணத்தை வெளியே கிடக்கும் தூள் என்ன செய்யும்? ஆறாம் பந்தியை எழுதிய கை, ஏழாம் பந்தியில் புள்ளி விழுந்த இலைக்குக் கந்தகம் நல்ல மருந்து என்று எப்படி எழுதியது?

ஏழாம் பந்தியை எடுத்துவிடு. அந்த இடத்தில் வார்ட் யோசனை சொன்ன காற்றுத்தடை மரங்களைப் பற்றி எழுது. திருத்தியதைப் பத்திரிகைக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு, கண் முன்போல் இல்லை.

அன்புடன்,
மாஸ்டர்